பின் சீற்றுக்குக் கீழே

வெள்ளி பின்னேரம், ஸ்ரான்லி றோட் ஒபிஸ் முற்றத்தில்
காரைப் பூட்டிவிட்டு வவுனியாவுக்குப் போனேன்.
திங்கள் இரவு திரும்பும்போது, மாங்குளம் தாண்டி,
கம்பனி வானில் தூங்கி விழுந்த தலைக்குள்
ஒரு டப்பா உருண்டது.

நண்டு.

பின் சீற்றுக்குக் கீழே
வெள்ளிக்கிழமையின் நண்டுக்கறி.

சித்திரை வெயில். நாலு கண்ணாடியும் இறுக்கின கார்.
வேப்பமரத்தை நம்பி விட்டது;
அந்த நிழலோ பத்து மணிக்கே மதில் ஏறி
பக்கத்து வளவுக்குப் போய்விடும்.
மூன்று பகல்.

எனக்கு வேலை வாகனச் சேதம் பார்க்கிறது.
லொறி ஏறின ஓட்டோ, மாடு பாய்ந்த வான்,
கிணற்றுக்குள் இறங்கின ஒரு ட்ராக்ரர்கூட.
எல்லாத்துக்கும் படிவம் உண்டு, தொகை உண்டு,
மணத்துக்கு மட்டும் கட்டம் இல்லை.
மானிப்பாயில் ஒரு குடும்பம்
டிக்கிக்குள் பாரை மீனை மறந்து கலியாணத்துக்குப் போனது.
சீற் கழற்றினார்கள், கம்பளம் கழற்றினார்கள்,
கோப்பித்தூள், தேசிக்காய், சாம்பிராணி,
கடைசியில் காரையே வித்தார்கள்.
வாங்கினவன் இன்னும் மழைக்கும்
யன்னலைத் திறந்துவிட்டுத்தான் ஓடுறான்.

டப்பாவைத் தந்தது எமில்டா.
நாங்கள் ஒரே வீட்டில் இல்லாத இரண்டாவது வருஷம்.
பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற நாட்களில்
குசினி வாசலுக்கு இப்பால் நான் நிற்பேன்,
அப்பால் அவள்.
கறிதான் வாசலைக் கடக்கும்.

பாசையூரில், நண்டுச் சதை அடைக்கிற இடத்தில் அவளுக்கு வேலை.
எட்டு மணித்தியாலமும் அந்த ஒட்டுற பொலித்தீன்தான்:
இழுத்து, விரலால் வழித்து,
காற்றை ஓரத்துக்குத் துரத்தி,
மூலையை மடித்து அடியில் செருகி.
அன்றைக்கும் அப்படித்தான் சுற்றினாள்.
ஒன்று. இரண்டு. டப்பாவைத் திருப்பி மூன்று.
நாலாவதுக்கு நான் சிரித்தேன்,
"என்னப்பா, கப்பலிலயோ அனுப்பப் போறாய்?"
அவள் நிமிரவில்லை.
ஐந்து.

பதினொன்றரை.
காவலுக்கு நிற்கிற துரைவீரசிங்கம்
ரோச் லைற்றோடு கூட வந்தார்,
விஷயம் தெரிந்ததும் காற்றுக்கு மேற்பக்கமாய் விலகி நின்றார்.
மூச்சை அடக்கிக்கொண்டு கதவைத் திறந்தேன்.
வெக்கை வந்தது. றெக்சீன் மணம் வந்தது.
போன மாதம் பிள்ளை ஊற்றின கிறீம் சோடா வந்தது.
நண்டு வரவில்லை.

குனிந்தேன்.
டப்பாவின் மூடி எழும்பி நிற்க,
பொலித்தீன் நிறைமாத வயிறுபோல விறைத்து,
உள்ளே ஏதோ ராச்சியம்
சத்தமில்லாமல் கவிழ்ந்துகொண்டிருந்தது.
ஐந்து சுற்றில் ஒன்றும் விடவில்லை.

"குண்டு மாதிரியெல்லோ கிடக்கு," என்றார் துரைவீரசிங்கம்.
பிறகு தானே வாயைப் பொத்தினார்.
இந்த ஊரில் சில உவமைகளுக்கு
இன்னும் வயது வரவில்லை.

மதிலோரம் மண்வெட்டியால் முழங்கால் ஆழம் தோண்டி,
பிறந்த பிள்ளையைப்போல இரண்டு கையிலும் ஏந்திப்போய்
அப்படியே வைத்து மூடினேன். குத்திப் பார்க்கத் தைரியம் இல்லை.
நண்டு ஒரு மழைக்குக் கரையும்.
அவள் சுற்றினது கரையாது:
நான் போய், அவள் போய்,
இந்தக் காணிக்கு யாரோ அத்திவாரம் வெட்டுகிறபோதும்
ஒட்டினது ஒட்டினபடி கிடக்கும்.
எங்களுக்குள் அவ்வளவு நாள் தாங்கினது
வேறொன்றும் இல்லை.

போனில் அவளுடைய சனிக்கிழமைச் செய்தி
மறுமொழி இல்லாமல் கிடந்தது: "கறி எப்பிடி?"
நல்ல உறைப்பு என்று எழுதி, அழித்தேன்.
"காரில மறந்துபோனன்" என்று அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கும் முழிப்பாய் இருந்திருக்கிறாள்.
உடனே வந்தது.

"தெரியும். அதுதானே சுத்தினனான்."

நான் மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றேன்.
அதற்குள் இன்னொன்று.

"டப்பாவைக் கழுவிக் கொண்டுவாங்கோ.
அது செற்."

துரைவீரசிங்கம் என் முகத்தைப் பார்த்தார்,
குழியைப் பார்த்தார்,
ஒன்றும் கேளாமல்
ரோச் லைற்றைத் திரும்பவும் கொளுத்தினார்.