இருக்கலாம்

ஸ்கான் படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்து
"இருக்கலாம்" என்றார் டொக்டர்.
அதுவரை கதவோரம் நின்ற அம்மா
தனக்குத்தான் சொன்னதென்று
கதிரையில் இருந்துவிட்டா.

அவர் சிரிக்கவில்லை. நானும்.
படத்தை மேசையில் வைத்துவிட்டு
"இல்லாமலும் இருக்கலாம்" என்றார்.

இடப்பக்கச் சூலகம். ஏழு சென்றிமீற்றர்.
பத்தாம் வகுப்பு விஞ்ஞானக் கொப்பியில்
அதை நான் வரைந்திருக்கிறேன்,
இரண்டு பக்கமும் ஒரே அளவாக.
ஐந்துக்கு மூன்று புள்ளி.
அம்மாவுக்குள்ளும் அப்படியொன்று இருக்குமென்பது
அன்றைக்கு நினைவில் வரவேயில்லை.

"மாதச் சுகயீனம் எப்ப நிண்டது?"
மிஸ் கேட்க
நான் சுவரில் இருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தேன்.
"இடம்பெயர்ந்த வருசம்."
மிஸ் கொப்பியிலிருந்து நிமிராமலே கேட்டா:
"எந்த இடப்பெயர்வு?"

திரும்பும் பஸ்ஸில்
மாங்குளம் வரை ஒரு கதையும் இல்லை.
சந்தியில் ஒட்டுசுட்டான் பஸ்ஸுக்கு நிற்கையில்
"என்னவாம்?" என்றா.
தெரியாதாம்.
"கூடாததாமோ?"
அதுவும் தெரியாதாம். இரத்தம் யாழ்ப்பாணம் போகுமாம்.
"நான் இன்னும் போகேல்ல, அது போகுது பார்"
என்று றோல்ஸ் ஒன்றை வாங்கிப்
பெரிய பாதியை எனக்குத் தந்தா.

மூன்று கிழமையால் ஓர் எண் வந்தது.
எண்பத்தாறு.
முப்பத்தைந்துக்குள் நிற்க வேண்டியது.
கூடத்தானாம், ஆனால் அவ்வளவு கூடவில்லையாம்,
வேறு காரணத்துக்கும் ஏறுமாம்.
'ஆம்' என்ற ஓரெழுத்து ஒட்டில்
இவ்வளவு பேர் ஒதுங்கி நிற்கலாமென்று
எனக்குத் தெரியாது.

மல்லாவியிலிருந்து அக்கா எடுத்தாள்.
"ஓமோ இல்லையோ? ஒண்டைச் சொல்லு."
ஒன்றைச் சொல்லக்கூடியவர்கள் கரிப்பட்டமுறிப்பில் நிறைய.
பால் எடுக்க வருகிறவர்
தன் பெரியதாய்க்கும் இப்படித்தான் என்றார்.
பிறகு என்ன நடந்ததென்று நான் கேட்கவில்லை.
அவரும் பாலை அளந்துகொண்டு போனார்.

ரிப்போட்டுகள் யூரியாப் பைக்குள்.
மழை என்றாலும் நனையாது.

காந்த ஸ்கானுக்கு ஒரு படிவம்.
'உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?'
இல்லை என்று போடப் பேனையை வைத்தேன்.
"பொறு" என்றா அம்மா.

இடுப்புக்குச் சற்று மேலே, பின்பக்கம்.
அரை நெல்லளவு.
இரணைப்பாலையில்.
"நீ பங்கருக்குள்ள நித்திரை.
எழுப்பி என்னத்தைச் சொல்லுறது?"

பதினாறு வருடம்
அவ இடப்பக்கம் சரிந்து படுக்காததை
பழக்கமென்று நினைத்திருந்தேன்.

மிஸ் படிவத்தைத் திருப்பி வாங்கினா.
அந்த மெசினுக்குள் அம்மாவை விட ஏலாது.
இனி நிழல் எது, தழும்பு எது, கட்டி எது என்று
திறந்து பார்த்தால்தான்.
மாசி இருபத்தேழு.

"வெட்டு முடியட்டுமே" என்றா அம்மா.
எந்த வெட்டு என்று கேட்க வந்தது.
வயலில் மெசின் இறங்கி
அடுத்த நாள் மழை தூறியது.
ஈரநெல்லைக் கிளறிக் கிளறிக் காயவைத்தோம்,
அவ குனிய விடாமல் நானும்,
குனிந்துகொண்டே அவவும்.

இருபத்தாறாம் திகதி பின்னேரம்
"நவரத்தினம் மங்கையற்கரசி" என்று கூப்பிட்டு
கட்டில் காட்டினார்கள்.
பெண்கள் வாட்டு. ஆம்பிளையள் நிற்கேலாது.
அக்கா விடியத்தான் வருவாள்.

தோட்டைக் கழற்றினா. சுரை இறுகியிருந்தது,
நான்தான் திருகிவிட்டேன்.
அம்மாவின் காதை
இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.
இரண்டு காப்பும் சவர்க்காரத்தோடு வந்தன.
லேஞ்சியில் முடிந்து தந்தா.
"பசுவுக்குத் தண்ணி வச்சனியோ?"

வெளியில் சைக்கிள் நிறுத்துமிடத்தில்
சீமெந்துக் கட்டு ஒன்று.
வோச்சர் ரோச் அடித்து முகத்தைப் பார்த்தார்.
யாருக்கு, என்ன வருத்தம் என்று கேட்கவில்லை.
"விடியுமட்டும் இதில இருக்கலாம்."

இருந்தேன்.
நுளம்பு. ஜெனரேற்றர் ஒருதரம் நின்று திரும்பப் பிடித்தது.
இரண்டாம் மாடியில் எது அவவின் யன்னல் என்று
எண்ணிப் பார்த்து, பிழைத்து, மறுபடி எண்ணி.
அம்மாவின் உடம்பிலிருந்த உலோகமெல்லாம்,
ஒன்றைத் தவிர,
என் காற்சட்டைப் பைக்குள்
சூடாகிக்கொண்டிருந்தது.