மட்டும்

வாஷிங்டன் தெருவின் மார்ச் மாதச் சேறு
பதினொரு ஜோடி பூட்ஸோடு படியேறி வந்து
கடற்படை அலுவலகக் கம்பளத்தில்
உட்கார்ந்துகொண்டது.
நான் சைலஸ் பெட்டிங்கில், நகல் எழுத்தன்.
என் கருத்தை யாரும் கேட்பதில்லை.
என் கையெழுத்தை எல்லோரும் கேட்பார்கள்.

தெற்கே ஒரு துறைமுகத்தின் வாயில்
கல்லுக்குள் நம் ஆட்கள் எண்பது பேர்.
கரையெல்லாம் பீரங்கி, அவர்களையே பார்த்தபடி.
போன குளிர்காலம்வரை அந்தப் பீரங்கிகளும் நம்முடையவை.
மாவு பதினெட்டு நாளைக்கு.
மெழுகுவர்த்தி தீர்ந்தது.
கடிதத்தின் கடைசி வரி
இருட்டில் எழுதியதுபோல் கோணலாக இறங்கியது.

தளபதி பேர்ட்சால் எழுந்தார்: இருபதாயிரம் பேர் வேண்டும்.
இருக்கிறார்களா? இல்லை.
இல்லாததை எண்ணிக் காட்டுவதில் அவர் சமர்த்தர்.
கமோடோர் ஹாஸ்கெட் வரைபடத்தைக் கையால் நீவினார்:
நிலவில்லாத இரவு, கடல் ஏறும் நேரம்,
மூன்று இழுவைப் படகு,
விளிம்பெல்லாம் பஞ்சுப் பொதி.
குண்டு பஞ்சில் விழுந்து தூங்கிவிடும்.
யார் பறித்த பஞ்சு என்று
யாரும் கேட்கவில்லை.

ரொட்டி அனுப்பினால் போர் என்றார் ஒருவர்.
அனுப்பாவிட்டால் சரண் என்றார் எதிரில் இருந்தவர்.
மூன்றாமவர் இரண்டையும் சொல்லி
நடுவில் ஓர் ‘ஆனால்’ வைத்துவிட்டு
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
அன்று நான் எழுதிய ‘ஆனால்’ நாற்பத்தொன்று.

நியூயார்க்கிலிருந்து வரவழைத்த படகோட்டி
ஒபதாயா த்ரெல்கெல்ட்,
தொப்பியை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முழங்காலில் வைத்திருந்தான்.
மணல்திட்டின் மேல் தண்ணீர் எவ்வளவு?
‘போன வருஷம் ஒன்பது அடி, ஐயா.
மணல் வாக்குக் கொடுக்காது.’
போவாயா?
‘கூலி முன்கூட்டி. பெண்டாட்டி கையில்.’
சிரித்தார்கள்.
அவன் அவர்கள் சிரித்து முடிக்கக் காத்திருந்தான்.

கணப்புக்குக் கரி போட டில்லரி மூன்று முறை வந்தார்.
இரண்டு முறை கரிக்காக.
நடைக்கூடத்தில் என்னிடம் கேட்டார்:
எத்தனை அடி என்றான்?
ஒன்பது.
ஒன்பது, என்று திரும்பச் சொன்னார்,
பணத்தை மடித்து உள்பையில் வைப்பதுபோல.
அதே பையில்தான் அவருடைய விடுதலைச் சீட்டு,
மடிப்பில் மடிப்பில் நைந்துபோய்.
அந்தத் துறைமுகத்தில் அவருக்கு யார் என்று
இந்தப் பதினொரு வருடத்தில் நான் கேட்டதில்லை.
உள்ளே ஐந்து மணிநேரமாகப் பேச்சு.
அந்த ஒரு சொல் வரவேயில்லை.
வந்திருந்தால் எழுதியிருப்பேன்,
நகலில் நான் எதையும் விடுகிறவனல்ல.

விளக்கேற்றிய பிறகு முடிவானது.
கப்பல் போகும். அதற்கு முன்னால்
அந்தக் கரையின் ஆளுநருக்கு ஒரு கடிதம் போகும்:
உணவு மட்டும் அனுப்புகிறோம்.

‘மட்டும்’ வேண்டுமா?
இருந்தால் கெஞ்சுவதுபோல் இருக்கிறது என்றார் பேர்ட்சால்.
எடுத்தால் மிரட்டுவதுபோல் என்றார் ஹாஸ்கெட்.
எழுதினேன், அடித்தேன், சுரண்டினேன், எழுதினேன்.
நான்காம் நகலில் அந்த இடத்தில் தாளே ஓட்டையானது.
கமோடோர் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்,
விளக்குச் சுடர் அதன் வழியே
அவர் கண்ணில் குத்தியது.
புதுத் தாள் எடு என்றார்.

எடுத்தேன். ‘மட்டும்’ இருந்தது.
பிறகு இரண்டாவது தாள் ஒன்று,
ஆளுநருக்கு அல்ல, கப்பல் தலைவனுக்கு:
இருநூறு வீரர், பன்னிரண்டு பீரங்கி,
‘தேவைப்பட்டால்’.
அதுவும் என் அழகான கையெழுத்துதான்.

மணி பத்தாகியிருந்தது. எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள்.
மை உலர
இரண்டு தாளிலும்
மணல் தூவினேன்.