யார் வீட்டில்?

மூஞ்சிக்கல் சந்துக்குள்
ஒரு தகரக் கூரை, இரண்டு அடுப்பு, எட்டுப் பெண்கள்.
மலையேறி லாரியில் வரும் பாளங்களை,
வத்தலக்குண்டு வெயிலில் ஒருமுறை வியர்த்த பாளங்களை,
உருக்கி, அச்சில் ஊற்றி,
தட்டி எடுத்துத் தங்கத்தாள் சுற்றுகிறோம்.
கடைசியில் நான் ஒட்டுவேன்
டப்பா டப்பாவாக:
"வீட்டில் செய்த சாக்லேட்."

பதினோரு வருடமாக ஒட்டுகிறேன்.
கேட்டது ஜெர்லின்தான். ஐந்தாம் வகுப்பு.
ஈரக் குடையை மடக்கக்கூட இல்லை.
"யார் வீட்டிலம்மா?"

பாக்கியசீலி டீச்சர் பாடமே நடத்தவில்லையாம்.
தின்ற தாளைத் தூக்கிப் போடாதீங்க,
ஆளுக்குப் பத்து கொண்டு வாங்க
என்றாராம், அவ்வளவே.
அன்றிலிருந்து எங்கள் குப்பைக்கூடைக்கு வேலையில்லை.
பிஸ்கட் தாள், ஜூஸ் டப்பா, சத்துமாவு அட்டை,
எல்லாம் கம்பளிக்குள் போகிறது.
டார்ச் அடித்துப் படிக்கிறாள்,
அடகுக்கடைச் சீட்டை நான் படிப்பதுபோல.

எது முதலில் எழுதியிருக்கிறதோ
அதுதான் அதிகம் என்கிறாள்.
"சர்க்கரை மூணாவதாத்தானே இருக்கு?" என்றேன்.
சிரித்தாள்.
குளுக்கோஸ் சிரப், இன்வெர்ட் சிரப், டெக்ஸ்ட்ரோஸ்...
விரல் ஒவ்வொன்றாய் நகர்ந்தது.
"எல்லாம் ஒரே ஆளும்மா.
நாலு ரேஷன் கார்டு வெச்சிருக்காரு."

பிறகு மாம்பழப் படம் போட்ட ஜூஸ்.
ஒரு கரண்டிக்கு நாலு கிராம் என்று கணக்குப் போட்டு
டம்ளரில் அள்ளிப் போட்டாள்
மாதக் கடைசிச் சர்க்கரையை.
நாலு. ஐந்து. ஆறு. ஆறரை.
திட்டத் திறந்த வாயை
டம்ளரைப் பார்த்து மூடிக்கொண்டேன்.
ஒரு பரல் சிந்தாமல்
திரும்ப டப்பாவிலேயே கொட்டினாள்.

சீசனுக்கு முதலாளி புதுச் சரக்கு இறக்கினார்:
"சர்க்கரை இல்லாதது."
ஒரு துண்டை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.
மதிய வெயிலில் எறும்பு வந்தது.
எறும்புக்கு லேபிள் படிக்கத் தெரியாது என்றேன்,
பெரிதாக ஏதோ கண்டுபிடித்த மாதிரி.
"எறும்பு வந்தா நிரூபணமாம்மா?
பிளம்ஸ் பழத்துக்கும்தான் வரும்.
பின்னாடி படி."
படித்தேன். பேரீச்சம் பாகு, முதல் பெயராக.

நாட்டுச்சர்க்கரை உடம்புக்கு நல்லது என்று
டீச்சர் சொன்னபோதும் கை தூக்கியிருக்கிறாள்.
எவ்வளவு நல்லது, யார் அளந்தாங்க?
தேடிப் பார்த்துச் சொல்றேன் என்றாராம்.
இன்னும் தேடுகிறாராம்.
அந்த டீச்சரை எனக்குப் பிடித்துப்போனது.

"உன் டீக்கு எத்தனை கரண்டி?"
மூன்று. குளிருக்கு என்றேன்.
"குளிருக்கா, பழக்கத்துக்கா?"
டீ ஆறியதுதான் மிச்சம்.

மே மாதத்தில் ஒரு ஞாயிறு
கடையில் ஆள் இல்லை, கல்லாப் பக்கம் என்னை நிறுத்தினார்கள்.
மதுரைக்காரர் ஒருவர், பின்னால் வேன் ஹாரன் அடிக்க,
"இதுல சர்க்கரை இல்லைதானே? அப்பாவுக்கு."
முதலாளி நோட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
டப்பாவை நான்
திருப்பி மட்டும் வைத்தேன்.
"சின்ன எழுத்து சார். படிச்சுப் பாருங்க."
அவர் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடினார்.
நோட்டு எண்ணும் சத்தம் நின்றது.

அன்று மாலை
உடைந்த துண்டுகள் கொஞ்சம் மடித்துக்கொண்டு வந்தேன்,
தாளில்லாமல், பெயரில்லாமல்.
ஜெர்லின் முகர்ந்தாள். பாதியை உடைத்து
எனக்கு நீட்டிவிட்டு, மீதியை
வெகுநேரம் வாயில் கரையவிட்டாள்.

"வீட்டில் செஞ்சது இல்ல," என்றாள்.
"ஆனா நல்லாத்தான் இருக்கு."