நூற்றுப் பதின்மூன்றாம் நாள்

மை காய்ச்சுவது என் வேலை.
அடுப்புக்கரி, வேலம்பிசின், ஒரு கை தண்ணீர்.
விரலால் தொட்டு நகத்தில் இழுத்துப் பார்ப்பேன்.
வழிந்தால் பிசின் போதாது.
நின்றால் பையன்கள் பலகையோடு வரலாம்.
புராவோவில் எங்கள் துக்ஸியின் நாற்பது தொண்டைகள்
வெயிலோடு போட்டியிட்டு ஓதுவதெல்லாம்
என் கரியில் எழுதியவைதான்.

ஆகவே, கருப்பைக்கு வந்து எழுதும் மலக்கிடம்
எனக்கு முன்பே ஒரு கேள்வி இருந்தது:
உன் மையை யார் காய்ச்சுகிறார்?

குலேத் வந்தது மூன்றே இரவு.
ஜித்தாவுக்கு ஆடு ஏற்றும் கப்பலில் வேலை அவனுக்கு.
சட்டையை இருமுறை துவைத்தும் கிடாய் வாசம் போகவில்லை.
நாலாம் நாள் விடியலில்
பெர்பெரா போகும் லாரியில்
புல்லுக்கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தான்.
மற்ற பெண்கள் பிறை பார்த்து எண்ணுவார்கள்.
எனக்குக் கப்பல் போதும். பிசகாது.

முதல் நாற்பது: துளி.
ஒன்றும் தெரியவில்லை.
ஏலக்காய் போட்ட தேநீர் மட்டும் குமட்டியது.

அடுத்த நாற்பது: பற்றித் தொங்குவது.
அட்டைக்கும் அரபியில் அதே சொல்தானாம்,
சுவருக்கு அப்பால் மாஅலிம் எல்மி சொல்லக் கேட்டேன்.
சிரித்துவிட்டேன்.
உறிஞ்சு, என் அட்டையே,
ஒட்டகப்பால் இரண்டு குவளை குடித்திருக்கிறேன்.

பிறகு சதைத்துண்டு, மென்றதுபோல் ஒன்று.
பேரீச்சம்பழத்தைப் பாதி கடித்து
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.
இப்படியா இருக்கிறாய்?

மூன்று இருட்டுக்குள் உன்னை வைத்திருந்தான்,
வயிறு, கருப்பை, சவ்வு.
நாலாவதாக என் கர்பசாரை இழுத்துப் போர்த்தினேன்.

நூற்றிருபது நாள் நிறைந்தால் ரூஹ்.
கூடவே நாலு செய்திகள்:
உணவு, ஆயுள், செய்யப்போவது,
முடிவில் பாக்கியமா இல்லையா.
அதற்கென்று ஒரு குப்பி மை
தனியே எடுத்து வைத்தேன்.
பைத்தியம்தான். மலக்குக்கு என் கரி எதற்கு?

நூற்றுப் பதின்மூன்றில், காற்று தகரத்தை உலுக்கிய இரவில்
வலி வந்தது.
தெக்கா விளக்கைத் தாழ்த்திப் பிடித்தாள்.
ஒரு உள்ளங்கை போதுமாயிருந்தது.
விரல்கள் இருந்தன.
எண்ணினேன். எண்ணிப் பழகியவள்தானே.

மாஅலிம் கிதாபைத் திறக்கவில்லை.
பாயின் கிழிசலைப் பார்த்தபடி கேட்டார்:
"நாள் தவறியிருக்கலாம் இல்லையா?
ஒரு வாரம்... யாருக்கும் தவறுமே."
கதவைத் திறந்துவிட்டுத்
தலையைத் திருப்பிக்கொண்டார் அந்த மனிதர்.
ஆமாம் என்றால்
குளிப்பாட்டலாம். பேர் வைக்கலாம்.

"கப்பல் பொய் சொல்லாது, மாஅலிம்" என்றேன்.

வெள்ளைத் துணியில் சுற்றி
வேலமரத்தடியில் வைத்தோம்.

குலேத் துறைமுகத்திலிருந்து பேசினான்.
பின்னால் ஆயிரம் ஆடுகள்.
என்ன பேர் வைத்தாய் என்றான்.
பேர் வைக்கும் நாள் வரவில்லை என்றேன்.
கேட்கவில்லை அவனுக்கு.
கப்பல் சங்கு ஊதியது.

ஏழு நாள்.
எந்த வானத்தில் இருந்தாய்?
எழுதுகோல் சீவிக்கொண்டா?
இல்லை, புறப்பட்டு வந்தவனைப்
பாதி வழியில் திரும்பு என்றார்களா?
தொட்ட மை நுனியிலேயே காய்ந்ததா?
காய்ந்தால் என்ன, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் இளகும்.
என்னைக் கேட்டிருக்கலாம்.

இன்று ஒரு பையன் அந்த வசனத்தில் தடுக்கினான்.
தொங்குவதிலிருந்து நேரே எலும்புக்குத் தாவிவிட்டான்.
பிரம்பு பலகையைத் தட்டியது. திரும்ப.
களிமண்ணிலிருந்து தொடங்கினான்.
நான் கையில் ஈரத்துணியோடு நின்றேன்
அவன் சதைத்துண்டைக் கடக்கும் வரை.

மாலையில் பலகை கழுவிய தண்ணீரைக்
கால் மிதிக்கும் இடத்தில் கொட்டக் கூடாது.
வேலமரத்தடிக்குக் கொண்டுபோனேன்.
கறுப்பாக நின்றது சற்று நேரம்.
பிறகு மண் இழுத்துக்கொண்டது.

குப்பி மாடத்தில் நிரம்பியே இருக்கிறது.
கரி அடியில் தங்கிவிடாமல்
வெள்ளிதோறும் குலுக்கி வைக்கிறேன்.