ஐந்து மில்லிமீட்டர்

பகலில் ஸ்ட்ரோக் என்றால்
நாலாம் மாடி, ஒருபக்கம் இழுத்த வாய்,
கையைத் தூக்குங்கோ, சிரியுங்கோ, உங்கட பேர் என்ன.
இரவில் அதே சொல்
ஐம்பத்து நாலரை மில்லிமீட்டர்,
பிஸ்டன் உச்சியிலிருந்து கீழே வந்து சேரும் தூரம்.

கராஜ் சுவரில் அதை 'அடி' என்று எழுதியிருந்தேன்,
சோக்குக் கட்டியால்.
பைவி வாசித்துக் காட்டச் சொன்னாள்.
அர்த்தம் கேட்டாள்.
பாதம், உதை, பானையின் கீழ்ப்பக்கம், கவிதையில் ஒரு வரி,
சினேகிதியைச் செல்லமாகக் கூப்பிடுகிற விதம்.
ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இடைவெளி விட்டால்
எஞ்சின் தட்டும் என்றாள்.

தண்டர் பே, ஜனவரி, வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வாரமெல்லாம் பனி தள்ளும் லொறி ஓட்டுகிறவள்
ஞாயிறுகளில் உறைந்த ஏரியில்
ஆணி பதித்த டயரோடு சுற்றுகிறாள், நூற்றிருபத்தைந்து சிசி.
அடியைக் கூட்டு என்பது அவள் கட்சி,
வளைவிலிருந்து எழும்ப இழுவை வேணுமாம்.
நான் கனெக்டிங் ராட் கட்சி.
நூற்றுப்பத்து நீளமென்றால் உச்சச் சாய்வு
பதினாலு புள்ளி மூன்று பாகை.
நூற்றுப்பதினைந்து என்றால் பதின்மூன்று புள்ளி ஏழு.
அந்த அரைப்பாகைச் சொச்சத்தில்
பிஸ்டன் சுவரோடு தோள் உரசுவது குறையும்.
அவள் நம்பவில்லை.
கழற்றிய பிஸ்டனை வெளிச்சத்தில் திருப்பினேன்:
ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, மற்றப் பக்கம் புதுசாய்,
எனக்குப் பழக்கமான முகம்.
பேசாமல் கார்டை எடுத்துக் கொடுத்தாள்.

ராட் வர பதினொரு நாள்.
கிராங்கை அழுத்திச் சேர்த்து, செப்புச் சுத்தியலால் மையம் தட்டி,
டயல் முள் நூற்றில் இரண்டில் நின்றபோது
எனக்கு நானே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டேன்.
சிலிண்டரை இறக்கி, ஹெட்டை மாட்டி,
கையால் சுற்றினேன்.

டொக்.

ராட் ஐந்து நீண்டால் சிலிண்டரும் ஐந்து உயரவேணும்.
பாகையைத் தசமத்தில் பேசியவள்
முழு எண்ணை மறந்துவிட்டிருந்தேன்.
பைவி மெல்லக் கிட்ட வந்தாள்.
"கையைத் தூக்கு," என்றாள். "சிரி. உன் பேர் என்ன?"

அவளுடைய உடைந்த படகின் பின்பக்கத்தில்
தடித்த அலுமினியம் இருந்தது.
வாளால் வெட்டி, அரம் போட்டு, கண்ணாடிமேல் தாள் வைத்துத் தேய்த்து
நாலு புள்ளி ஒன்பது எட்டு.
மிச்சத்தை கஸ்கட் பார்த்துக்கொள்ளட்டும்.

தட்டு ஏறியதில் கிராங்க் கேசுக்குள் இடம் கூடிவிட்டது.
கீழ் வேகத்தில் மூச்சு சோம்பலாய் வந்தது.
முதல் வளைவில் ஒன்பதாவது.
நேர்ப்பாதையில் சத்தம் மாறியது, புதுத் துணி கிழிகிற மாதிரி,
ஆறாவது.
வளைவு, எட்டு. நேர், ஐந்து. வளைவு, ஏழு.
ஏழிலேயே கொடி விழுந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். புருவத்தில் பனி.
"அடி," என்றாள், தமிழில், என்னைப் பார்த்து.
எந்த அர்த்தம் என்று நான் கேட்கவில்லை.

திங்கள் காலை நாலாம் மாடியில்
எட்டாம் கட்டில்காரர் வலக்கையைத் தூக்கினார்.
ஐந்து மில்லிமீட்டர் இருக்கும்.
குறித்துக்கொண்டேன்.