மறையவில்லை

ஆறு நாடுகளின் பட்டியலில்
கடைசி வரி நாங்கள்.
காவலூர், வட ஆற்காடு என்றிருக்க வேண்டியது
வட ஆர்க்டிக் என்று அச்சாகி வந்தது.
பனிக்கரடி உண்டா சார் என்றார்
ஜெனரேட்டர் பார்க்கும் பூங்காவனம்.
கரடி உண்டு.
பலாப்பழத்துக்கு வரும்.

மாசி மாதம். துடைத்த வானம்.
சூரியனைச் சுற்றும் ஒரு பெருங்கல்
ஒரு நட்சத்திரத்தின் குறுக்கே போகும்,
அதன் நிழல்
கெய்ரோவில் ஏறி ஹைதராபாத் வழியாகப்
பினாங்கில் இறங்கும்.
விளிம்பு எங்கள் மலைமேல் படலாம்,
படாமலும் போகலாம்.

சிற்றலையில் டெல்லி
விநாடிகளைச் சொட்டிக்கொண்டிருந்தது.
திலகவதி மேடம் கண்ணை எடுக்கவில்லை.
நான் வரைபடக் காகிதத்தின் பேனாவைப் பார்த்திருந்தேன்.
இரண்டு நாற்பது.
நாற்பத்தொன்று.
ஆலங்காயம் சாலையில் ஒரு லாரி
வெளிச்சத்தோடு வளைந்தது, வயிறு கலங்கியது.
பேனா பள்ளத்தில் விழவேண்டும்.
விழவில்லை.
பத்து நிமிடம்
நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு.

போச்சா சார்?
போகல பூங்காவனம், அதான் தொல்லை.

முதல் பஸ்ஸில் ஆலங்காயம் தபாலாபீஸ்.
தந்தி குமாஸ்தா எழுத்துகளை எண்ணிவிட்டு
எது மறையலீங்க என்றார்.
நட்சத்திரம்.
நல்லதுதானே, என்று முத்திரை குத்தினார்.

ஆனியில் ஒரு தடித்த உறை வந்தது.
கெய்ரோவில் பத்தொன்பது விநாடி இருட்டு.
ஹைதராபாத்தில் இருபத்தாறு.
பினாங்கில் மழை, வெற்றிடம்.
அந்த விநாடிகளைக் கோடுகளாக அடுக்கி
கல்லை வரைந்திருந்தார்கள்:
ஒரு பக்கம் நசுங்கிய பலாக்கொட்டை.
அதன் தெற்கே, தொடாமல்,
புள்ளிபுள்ளியாக ஒரு கோடு.
எங்களுடையது.
கல் இதைத் தாண்டி இல்லை, காவலூருக்கு நன்றி
என்று ஓரத்தில் யாரோ பென்சிலில்.

மேடம் அதை இரண்டு தடவை படித்தார்.
பிறகு டீசல் பில்லில் கையெழுத்துப் போட்டார்.

உறைமேல் இன்னமும் வட ஆர்க்டிக்தான்.
எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது.
ஒட்டகம் போட்ட தபால்தலையை
மகளுக்குக் கேட்டார் பூங்காவனம்.
டீக்கெட்டில் ஆவியில் காட்டி
ஓரம் கிழியாமல் உரித்துக் கொடுத்தேன்.