நடை வரிசை

நாரை அணியில் இரண்டாமவள் நான்.
ஏழாவதாக நடப்பேன்.

கடைக்குட்டி என்று பட்டம் பெற்ற ப்ளுவென்
இரண்டாவதாக நடப்பாள், தலைவியின் குதிகாலை ஒட்டி.
குட்டைக் கால் எதுவோ
அதுதான் அணியின் வேகம், அது சட்டம்.
பெயர் வைத்தவர்களுக்கு எண்ணத் தெரியவில்லை,
அல்லது அவர்கள் கணக்கு வேறு.

தலைவி சுவாசிக் சட்டைப்பையில் இரண்டு வெள்ளைப் பட்டை.
என் பையில் ஒன்று.
அவளுக்கு வரைபடம், திசைகாட்டி, நாரை தைத்த கொடி.
எனக்கு ஆறு முதுகுகள்.

ஒன்பது மாதமாக அவற்றைப் படிக்கிறேன்.
தளவாடக்காரி ரோசெனின் முதுகு கலகலக்கும்:
கூடார முளை இருபத்து நான்கு,
அவள் எண்ணினால் மட்டும் இருபத்து மூன்று.
பொருளாளி நிமிர்ந்தே நடப்பாள்,
முகாமின் ரசீதெல்லாம் அவள் பெப்பர்மின்ட் டப்பாவில்.
சமையல்காரி குவெனோலாவைக் காற்றடிக்கும் போது
அடிப்பிடித்த நேற்றைய ரவை மணக்கும்.
குறிப்பெழுதும் அசெனோர் நடந்துகொண்டே எழுதுவாள்,
இரண்டு தடவை வேலியில் முட்டியிருக்கிறாள்,
அதையும் எழுதியிருக்கிறாள்.

ஆரே மலை. ஜூலை. மூன்றாம் நாள்.
மூடுபனி வந்தது என்று சொல்ல முடியாது.
முதுகுகள் போயின.
முதலில் கொடி,
பிறகு ப்ளுவென் சுமந்த சிவப்புப் பானை,
பிறகு கலகலப்பு மட்டும் மிச்சம்,
பிறகு அதுவும் நின்றது.

எண் சொல்லுங்கள் என்று கத்தினேன்.
"இரண்டு" என்றது ஒரு மெல்லிய குரல்.
மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.
ஒன்று வரவில்லை.

ஒவ்வொரு தோளாகத் தடவி முன்னே போனேன்.
சதுப்பின் விளிம்பில் சுவாசிக் நின்றிருந்தாள்.
ஒரு பூட்ஸ் கணுக்கால் வரை கருஞ்சேற்றில்.
வரைபடம் நனைந்து
மடிப்போடு கிழிந்திருந்தது.
அவள் அழவில்லை. எதுவுமே செய்யவில்லை.

தலைவிக்கு உடம்பு முடியாவிட்டால்
துணைத்தலைவி பொறுப்பேற்க வேண்டும்,
தலைவி இல்லாவிட்டாலும் அப்படியே,
கையேட்டில் பக்கம் முப்பத்தொன்று.
தலைவி இருந்து, உடம்பும் சரியாக இருந்து,
இப்படி நின்றால் என்ன என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.

கொடியை வாங்கிக்கொண்டிருக்கலாம்.
அந்தப் பனியில் யாருக்குத் தெரியும்?
ப்ளுவெனுக்குத் தெரியும். அரை முழத்தில் நிற்கிறாள்,
பானையைக் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு.

அவள் பூட்ஸை மட்டும் இழுத்துவிட்டேன்.
வந்த வழியே, தோள் தோளாக,
என் இடத்துக்குத் திரும்பினேன்.
ஏழாவது இடம்.
பிறகு சொன்னேன்:
"எல்லோரும் நின்ற இடத்திலேயே திரும்புங்கள்."

யாரையும் தாண்டவில்லை.
யாரிடமும் எதையும் வாங்கவில்லை.
ஏழு பேர் குதிகாலில் சுழன்றோம், அவ்வளவுதான்.
என் முன்னே முதுகே இல்லாத வெளி.
கொஞ்சம் கூச்சமாக இருந்தது,
சட்டை போடாமல் வெளியே வந்ததைப் போல.

எங்கள் பூட்ஸ் தடமே எங்களுக்கு வரைபடம்.
குனிந்து, குனிந்து, ஒரு தடம், அடுத்த தடம்.
கால் மணி போயிருக்கும்.
பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது,
முதலில் முணுமுணுப்பாக, பிறகு தெளிவாக:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.
கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும்
ஒன்று, இரண்டு.

இரவு லாந்தர் வெளிச்சத்தில் மன்றம் கூடியது.
படைத்தலைவி நாட்குறிப்பைக் கேட்டாள்.
அசெனோர் எழுந்து வாசித்தாள்:
"நான்கு பத்து. மூடுபனி. திரும்பினோம்."
அடுத்த வரிக்குப் போய்விட்டாள்:
"கூடார முளை இருபத்து மூன்று."
சுவாசிக் தன் இரண்டு பட்டையைப் பார்த்தாள்.
வாயைத் திறந்தாள்.
படைத்தலைவி லாந்தர் திரியைத் தணித்து
"முளையை நாளைக்குத் தேடலாம்" என்றாள்.

கூடாரத்தில் ப்ளுவென் தூங்கவில்லை.
"திரும்பி நடந்தபோது நான் எத்தனையாவது?"
ஆறாவது என்றேன்.
யோசித்தாள்.
"நல்ல இடம்தான்.
ஒவ்வொரு தடவை எண்ணும்போதும்
என் பையைத் தொட்டுத்தான் ஆரம்பித்தாள்."